மாற்றிக் கொடுத்த போனும் புகைந்தது: நோட் 7 விவகாரத்தில் கடைக் கவுண்டர்

எலக்ட்ரானிக் கருவி விற்கும் எந்தக் கடையிலும் வாரண்டி கவுண்டர் ஓர் எளிய நம்பிக்கையில்தான் ஓடுகிறது. வாடிக்கையாளர் கொண்டு வந்த கருவி கெட்டது, உள்ளே பெட்டி பிரிக்காமல் இருக்கும் இன்னொன்று நல்லது. பில்லைப் பார், சீரியல் நம்பரைச் சரிபார், வாங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் போடு, கோளாறு உண்மைதானா என்று சோதி, உண்மை என்றால் மாற்றிக் கொடு. பெரும்பாலான நாட்களில் இது போதும்.

2016-ல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 போன்களைத் திரும்பப் பெற்றபோது இது போதவில்லை. அந்த விவகாரத்தைப் பெரும்பாலும் பேட்டரிக் கதையாகவே சொல்கிறார்கள். பேட்டரி எப்படி எரிந்தது என்பது முக்கியம்தான், அதற்கும் வருகிறேன். ஆனால் எரிந்த போன்களைவிட, அவற்றுக்குப் பதிலாகக் கடைகளே கொடுத்த போன்கள் எரிந்தது பெரிய பாடம். கோளாறு என்ன என்று முழுதாகத் தெரிவதற்கு முன்பே "மாற்றித் தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

சாதாரண நாளில் கவுண்டர்

முதலில் வழக்கமான ஏற்பாட்டைப் பார்த்துவிடலாம். அது தெரிந்தால்தான் எங்கே உடைந்தது என்பது புரியும்.

வாங்கிய சில நாட்களுக்குள் கருவி வேலை செய்யவில்லை என்றால் கடையே புதுசு எடுத்துக் கொடுக்கும். அந்தக் கெடு தாண்டிவிட்டால் "சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்பார்கள். கடை மாற்றிக் கொடுக்கும்போது நட்டம் கடையுடையது அல்ல. கெட்ட கருவியைத் தயாரிப்பாளருக்கோ விநியோகஸ்தருக்கோ தெரிவித்து, திருப்பி அனுப்ப ஓர் அனுமதி எண் வாங்கி, இப்படிச் சேர்ந்தவற்றை மொத்தமாக அனுப்பினால் அந்தத் தொகைக்குக் கிரெடிட் நோட் வரும். ஆனால் அங்கே சோதித்துப் பார்த்து "கோளாறு எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டால் அந்தப் பொருள் கடையின் தலையில் விழும். பெட்டி பிரித்த சரக்கு, புதுசாக விற்கவும் முடியாது.

கவுண்டரில் இருப்பவர் ஏன் வாடிக்கையாளரைச் சந்தேகத்தோடு பார்க்கிறார் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அக்சென்ச்சர் நிறுவனம் அமெரிக்கச் சந்தையைப் பற்றி 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, திரும்பி வரும் எலக்ட்ரானிக் பொருட்களில் 68 விழுக்காடு 'கோளாறு காணப்படவில்லை' என்ற வகை என்றும், உண்மையில் பழுதானவை 5 விழுக்காடு மட்டுமே என்றும் சொன்னது. மிச்சம், வாங்கிய பிறகு மனம் மாறியவர்கள். அந்த எண்களை அப்படியே இன்றைக்கும் பொருத்த வேண்டாம். ஆனால் கவுண்டரின் எல்லாக் கேள்விகளும் எதற்காக என்று அவை காட்டுகின்றன: பொருளில் தப்பு இல்லாதபோது அதைத் திரும்ப வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. பொருள் ஒழுங்காக ஓடுகிறது, ஆனாலும் ஆபத்தானது என்ற நிலைமைக்கு அந்தக் கேள்விப் பட்டியலில் இடமே கிடையாது.

இன்னொன்று. மாற்றிக் கொடுக்கும் கருவி புத்தம் புதியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல தயாரிப்பாளர்களின் வாரண்டி வாசகத்தில், புதியதோ புதியதற்கு இணையான புதுப்பித்ததோ தரலாம் என்று இருக்கும். அதன் வாரண்டியும் புதிதாகத் தொடங்காது. ஆப்பிளின் ஓராண்டு வாரண்டியில் பழைய வாரண்டியின் மிச்ச நாள் அல்லது 90 நாள், எது அதிகமோ அது. ஆக, மாற்றுக் கருவி என்பது இன்னொருவர் திருப்பிக் கொடுத்து, பழுது நீக்கி, பெட்டி மாற்றி வந்ததாகவும் இருக்கலாம். பழுது நீக்கியது சரியாக இருந்தால் பிரச்சினை இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொறுப்பு விற்றவருடையது. "தயாரிப்பாளரிடம் போய்க் கேளுங்கள்" என்று கடை கை காட்டிவிட முடியாது. முதல் 30 நாளுக்குள் பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகு கடைக்குப் பழுது பார்க்கவோ மாற்றவோ ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் பொய்த்தால் மறுபடி நிராகரிக்கும் உரிமை வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் பாதுகாப்பற்ற பொருள் என்றாலே அது 'பெரிய குறைபாடு'. அப்போது பணமா மாற்றா என்பதை முடிவு செய்பவர் கடைக்காரர் அல்ல, வாங்கியவர். மாற்றுப் பொருளும் பொய்க்கலாம் என்பதை இந்தச் சட்டங்களை எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் கவுண்டர்களுக்கு உத்தரவு எழுதியவர்கள் அந்த அளவுக்கு யோசிக்கவில்லை.

செப்டம்பர் 2

நோட் 7 ஆகஸ்ட் 2 அன்று அறிமுகமாகி, ஆகஸ்ட் 19 அன்று விற்பனைக்கு வந்தது. எதிர்பார்த்ததைவிட முன்பதிவு அதிகம், ஸ்டாக் போதவில்லை. ஒரு வாரத்துக்குள் சார்ஜ் போட்டிருந்த போன் கருகிய படங்கள் இணையத்தில் வர ஆரம்பித்தன. செப்டம்பர் 2 அன்று சோலில் சாம்சங்கின் மொபைல் பிரிவுத் தலைவர் கோ டோங்-ஜின் செய்தியாளர்களைச் சந்தித்தார். உலகம் முழுவதும் 35 புகார்கள், பத்து லட்சம் போனுக்கு 24 என்ற விகிதம், காரணம் பேட்டரி செல்லில் கோளாறு என்றார். விற்பனை நிறுத்தம். வெளியே போன 25 லட்சம் போன்களுக்கும், எப்போது வாங்கியிருந்தாலும், புதிய நோட் 7 மாற்றித் தரப்படும்.

புகார்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது துணிச்சலான, விரைவான முடிவு. அப்போது பாராட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அறிவிப்புக்குள் இரண்டு ஊகங்கள் இருந்தன. போன்களுக்கு இரண்டு நிறுவனங்கள் பேட்டரி தந்துகொண்டிருந்தன. ஒன்று சாம்சங் குழுமத்தின் சாம்சங் எஸ்டிஐ, இன்னொன்று ஆம்பரெக்ஸ் டெக்னாலஜி. எரிந்தவை முதல் நிறுவனத்தின் பேட்டரி கொண்டவை, எனவே கோளாறு அந்த பேட்டரியில்தான் என்பது முதல் ஊகம். எனவே இரண்டாவது நிறுவனத்தின் பேட்டரி போட்ட போன் பாதுகாப்பானது என்பது அடுத்தது. சீனாவில் விற்ற போன்களில் இரண்டாவது பேட்டரிதான் இருந்தது என்பதால், அவை தொடக்கத்தில் இந்த மாற்றுத் திட்டத்துக்குள்ளேயே வரவில்லை.

முதல் ஊகத்துக்குச் சான்று இருந்தது. இரண்டாவதற்கு இருந்தது, இன்னும் எரியவில்லை என்பது மட்டும்.

அமெரிக்காவில் இன்னொரு சிக்கல். அங்கே அதிகாரபூர்வமான திரும்பப் பெறல் என்பது நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வழியாக வர வேண்டும். அப்படி வந்த பிறகு அந்தப் பொருளை விற்பதே சட்டவிரோதம். சாம்சங் செப்டம்பர் 2 அன்று தானாகவே அறிவித்துவிட்டது. ஆணையத்தின் அறிவிப்பு செப்டம்பர் 15 அன்றுதான் வந்தது. அதற்குள் அமெரிக்காவில் மட்டும் பேட்டரி சூடானதாக 92 புகார்கள், அவற்றில் 26 தீக்காயங்கள், 55 சொத்துச் சேதங்கள் என்று கணக்கு வந்திருந்தது. இடைப்பட்ட இரண்டு வாரமும் கவுண்டரில் இருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். வாடிக்கையாளர் போனை நீட்டுகிறார், போன் நன்றாக ஓடுகிறது, மாற்றிக் கொடுக்கக் கையில் சரக்கு இல்லை. இரவலாக வேறு போன் ஒன்று தரலாம், அல்லது "புதுசு வந்ததும் சொல்கிறோம்" எனலாம். பெரிய திரையும் அதில் எழுதும் பேனாவும் வேண்டும் என்று தேடி வாங்கியவர் இரவல் போனுக்கு எளிதில் சம்மதிப்பாரா? பலர் அதே போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஏன் எல்லோருக்கும் மாற்றுதான் பிடித்தது

ரீஃபண்டும் ஒரு வழியாக இருந்தது. ஆனால் அப்போது சாம்சங் சொன்ன கணக்குப்படி போனைத் திருப்பியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் மறுபடி நோட் 7-ஐயே கேட்டார்கள். வாடிக்கையாளர் விரும்பியதைத்தானே கொடுத்தோம் என்று நிறுவனம் சொல்லலாம். கவுண்டரின் பொருளாதாரத்தைப் பார்த்தால், கேள்வி அவ்வளவு நேர்மையாக அவர் முன் வைக்கப்பட்டிருக்க வாய்ப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாற்று என்றால் விற்பனை விற்பனையாகவே இருக்கும். தயாரிப்பாளரின் வருமானக் கணக்கு குறையாது. விற்ற ஊழியரின் கமிஷன் நிற்கும். அமெரிக்காவில் இந்த போன்களைப் பெரும்பாலும் விற்றவை செல்போன் சேவை நிறுவனங்கள். அவற்றுக்கு போன் விற்பனை என்பது மாதத் தவணையோடும் சிம் இணைப்போடும் பின்னிய ஒன்று. பணத்தைத் திருப்பிக் கொடுப்பதென்றால் தவணையை முறிக்க வேண்டும், கட்டிய வரியைத் திருப்ப வேண்டும், முன்பதிவோடு வந்த இலவசப் பொருளை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். பழைய போனைக் கழித்துக்கொண்டு வாங்கியவர் வந்தால் இன்னும் மோசம். அந்தப் பழைய போன் அதற்குள் எங்கேயோ போய்விட்டிருக்கும், அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? மாற்று என்றால் இவை எதுவும் இல்லை. பழைய போனின் ஐஎம்இஐ (அடையாள) எண்ணை எடு, புதிய எண்ணைப் போடு, கையெழுத்து வாங்கு, முடிந்தது.

எனவே தயாரிப்பாளர், கடை, வாடிக்கையாளர் என மூன்று பேருக்குமே மாற்றுதான் இனித்தது. மூன்று பேரும் ஒன்றாக ஆசைப்படும் இடத்தில் "இரு, இது நல்லதுதானா?" என்று கேட்க யாரும் மிஞ்சுவதில்லை.

மாற்றுப் போன்கள் தென்கொரியாவில் செப்டம்பர் 19 முதலும் அமெரிக்காவில் 21 முதலும் கடைகளுக்கு வந்தன. பழையதையும் புதியதையும் வேறுபடுத்த வேண்டுமே. பெட்டி லேபிளில் சிறு கறுப்புச் சதுரம், திரையின் மேல் ஓரத்தில் வெள்ளைக்குப் பதில் பச்சை நிற பேட்டரிச் சின்னம். ஐஎம்இஐ எண்ணைப் போட்டுப் பார்க்க இணையப் பக்கமும் வந்தது. தன்னளவில் இது நல்ல ஏற்பாடு. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர்கூடப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பச்சைச் சின்னம் சொன்னது 'இது செப்டம்பருக்குப் பிறகு வந்த போன்' என்பதை மட்டுமே. கவுண்டரில் அதை எல்லோரும் 'இது பாதுகாப்பான போன்' என்று படித்தார்கள். அப்படிப் படிக்கும்படிதான் சொல்லவும் பட்டது.

அக்டோபர் 5 முதல் 10 வரை

அக்டோபர் 5 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரிலிருந்து பால்டிமோருக்குக் கிளம்பவிருந்த சவுத்வெஸ்ட் விமானத்தில் ஒரு பயணியின் நோட் 7 புகைய ஆரம்பித்தது. விமானம் இன்னும் தரையில்தான் இருந்தது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள், யாருக்கும் காயமில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அது மாற்றுப் போன். செப்டம்பர் 21 அன்று, அதாவது மாற்று தொடங்கிய முதல் நாளிலேயே, கடையில் வாங்கியது. அடுத்த சில நாட்களில் அமெரிக்காவில் இன்னும் சில மாற்றுப் போன்களைப் பற்றி இதே மாதிரித் தகவல்கள் வந்தன.

இந்த ஐந்து நாளில் கடைகள் என்ன செய்தன என்பது இந்தக் கட்டுரையின் மையம். தயாரிப்பாளர் "விசாரிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்த போனை விற்ற அமெரிக்க செல்போன் சேவை நிறுவனங்களான ஏடி அண்ட் டி-யும் டி-மொபைலும் அக்டோபர் 9 அன்று தாங்களாகவே நோட் 7-க்கு நோட் 7 மாற்றிக் கொடுப்பதை நிறுத்தின. வேறு எந்த போனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், இது மட்டும் கிடையாது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. மறுநாள், அக்டோபர் 10 அன்று, உலகம் முழுவதும் விற்பனையையும் மாற்றையும் நிறுத்தும்படி சாம்சங்கே கேட்டுக்கொண்டது. 11 அன்று தயாரிப்பே நிரந்தரமாக முடிவுக்கு வந்தது.

வாரண்டி விவகாரத்தில் கடை பொதுவாகத் தபால்காரர் வேலைதான் பார்க்கும். தயாரிப்பாளர் சொன்னதை வாடிக்கையாளரிடமும், வாடிக்கையாளர் தந்ததைத் தயாரிப்பாளரிடமும் சேர்க்கும். இங்கே முதல் முறையாகக் கடை தன் பேரில் ஒரு முடிவெடுத்தது. எப்படி முடிந்தது? அவர்களிடம் பேட்டரியைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. தயாரிப்பாளரைவிடக் கூடுதலாக அவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். 'இந்த போன் ஏன் எரிந்தது' என்று கேட்டால் ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டும். 'மாற்றுப் போன் நல்லது என்பதற்கு என்னிடம் என்ன சான்று' என்று கேட்டால் அன்றைக்கே விடை தெரியும். முதல் கேள்வி பொறியாளருடையது, இரண்டாவது கடைக்காரருடையது. செப்டம்பர் 2 அன்றே இரண்டாவதைக் கேட்டிருக்கலாம் என்று சொல்வது இன்றைக்குச் சுலபம். ஆனால் விற்பவருக்கு அதைக் கேட்கும் உரிமையும் இருக்கிறது, பிரிட்டன் மாதிரி நாடுகளில் பொறுப்பும் இருக்கிறது.

அக்டோபர் 13 அன்று அமெரிக்க ஆணையம் திரும்பப் பெறலை எல்லா நோட் 7-க்கும் விரிவாக்கியது. அங்கே மட்டும் 19 லட்சம் போன்கள். இம்முறை வழி இரண்டு: வேறு சாம்சங் போன், அல்லது பணம். வேறு சாம்சங் போன் எடுத்தால் 100 டாலர் வரை சலுகை, பணமாகவோ வேறு நிறுவன போனாகவோ போனால் 25 டாலர். வீடு எரியக்கூடும் என்று சொல்லித் திரும்பக் கேட்கும் பொருளிலும் வாடிக்கையாளரைக் கைவிடாமல் இழுத்துப் பிடிக்கும் கணக்கு. வியாபாரம் என்றால் அப்படித்தான், சரி.

திரும்பி வந்ததை எங்கே வைப்பது

திரும்பி வந்த கருவிகளைக் கடையின் பின்னறையில் ஒரு கூடையில் போட்டு வைத்து, சேர்ந்ததும் அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கிடங்குக்கு அனுப்புவதுதான் வழக்கம். லித்தியம் பேட்டரிக் கோளாறுக்காகத் திரும்பி வந்தவற்றை அப்படி அனுப்ப முடியாது. பாதுகாப்புக் காரணத்தால் குறைபாடுள்ளவை என்று அறியப்பட்ட லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் அனுப்புவதற்குச் சர்வதேச விதிகளே தடை. தரை வழியில் அனுப்பவும் தனிப் பொதி முறை இருக்கிறது: ஒவ்வொன்றும் தனித்தனி உள்பெட்டியில், சுற்றிலும் தீப்பிடிக்காத, மின்சாரம் கடத்தாத பொருள். சாம்சங் வீடுகளுக்கு அனுப்பிய திருப்பி அனுப்பும் பொட்டலத்தில் நிலைமின் காப்புப் பை, ஒன்றுக்குள் ஒன்றாகப் பெட்டிகள், உள்ளே பீங்கான் இழைத் தாள் ஒட்டிய வெளிப்பெட்டி, அந்த இழை தோலில் படாமலிருக்கக் கையுறை, எல்லாம் இருந்தன. தரை வழி மட்டும் என்று மேலே அச்சிட்டிருந்தது. போன் வாங்கும்போது பெட்டியைப் பிரிக்கும் மகிழ்ச்சிக்கு நேர்மாறான அனுபவம்.

பிரிட்டனின் அஞ்சல் நிறுவனமான ராயல் மெயில் நோட் 7-ஐ வாங்கவே மாட்டோம் என்று சொல்லிவிட்டது. அக்டோபர் 15 முதல் அமெரிக்க விமானங்களில் கையிலோ பெட்டியிலோ, அணைத்தோ திறந்தோ, இந்த போனை எடுத்துப் போகத் தடை. தடை தெரியாமல் விமான நிலையம் வரை வந்துவிட்டவர் என்ன செய்வார்? சான் ஃபிரான்சிஸ்கோ, சோல், ஆஸ்திரேலிய நகரங்கள் எனப் பல விமான நிலையங்களில் சாம்சங் மாற்று மேடைகள் போட்டது. தன் தகவல்களை அவசரமாக வேறு போனுக்கு மாற்றிக்கொண்டு விமானத்தைப் பிடிக்க ஓட வேண்டும்.

ஒரு திட்டத்தில் பொருளைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்று விற்கும்போதே யாரும் கணக்கிடுவதில்லை. விற்பனைப் பாதை ஒருவழிப் பாதையாகத்தான் போடப்படுகிறது. எதிர்த் திசையில் லட்சக்கணக்கில் பொருள் வரும்போது பெட்டி, வண்டி, அறை, விதி என்று ஒவ்வொன்றாகப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

கொடுக்க மறுத்தவர்கள்

சாதாரண வாரண்டியில் கருவியைத் திருப்புவதில் அவசரம் வாடிக்கையாளருக்குத்தான். இங்கே தலைகீழ். போன் நன்றாக ஓடுகிறது, அருமையான திரை, பேனா, கேமரா. நமக்கு எரியாது என்ற எண்ணம் வேறு. டிசம்பர் 9 அன்று அமெரிக்காவில் 93 விழுக்காட்டுக்கு மேல் திரும்பிவிட்டது, ஆனால் 19 லட்சத்தில் மிச்சமுள்ள சில விழுக்காடு என்பதே ஒரு லட்சத்தைத் தொடும் எண்ணிக்கை.

மென்பொருள் வழியாக நெருக்கினார்கள். முதலில் சில நாடுகளில் சார்ஜ் 60 விழுக்காட்டுக்கு மேல் ஏறாதபடி செய்தார்கள். பிறகு அமெரிக்காவில் டிசம்பர் 19 முதல் சார்ஜே ஏறாதபடி ஒரு அப்டேட் அனுப்பப் போவதாக சாம்சங் அறிவித்தது. இன்னொரு செல்போன் சேவை நிறுவனமான வெரைசன் முதலில் மறுத்தது. பண்டிகைப் பயணக் காலத்தில், வேறு போன் இல்லாதவரின் கையிலிருப்பதையும் செயலிழக்க வைத்தால் அவசரத்துக்கு உதவி கேட்கக்கூட முடியாதே என்றது. இதில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்றும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. எரியக்கூடிய போனை ஓட விடுவதும் ஆபத்து, ஓடும் போனைத் தூரத்திலிருந்து கொல்வதும் ஆபத்து. ஜனவரியில் வெரைசனும் அதை அனுப்பியது. அப்புறமும் வைத்திருந்தவர்களின் அழைப்புகளை, அவசர எண்ணைத் தவிர, நேராகத் தன் வாடிக்கையாளர் சேவைக்கே திருப்பிவிட்டது. யாரைக் கூப்பிட்டாலும் "போனைத் திருப்பிக் கொடுங்கள்" என்ற குரல்தான்.

பணம் கொடுத்து வாங்கிய கருவி, வாங்கியவர் வீட்டில் இருக்கும்போதே தயாரிப்பாளர் நினைத்தால் நின்றுபோகும் என்பதும் அந்தக் குளிர்காலத்தில் பலருக்குப் புரிந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பேட்டரியில் உண்மையில் நடந்தது

2017 ஜனவரி 23 அன்று சாம்சங் விசாரணை முடிவை வெளியிட்டது. சுமார் 700 பேர், இரண்டு லட்சம் போன்கள், 30,000 பேட்டரிகளை வைத்து சோதித்தார்கள். யூஎல், எக்ஸ்போனென்ட், டியூவி ரைன்லாண்ட் ஆகிய வெளி நிறுவனங்களும் தனியாக ஆராய்ந்தன. முடிவு விசித்திரமானது: இரண்டு பேட்டரிகளிலும் கோளாறு, ஆனால் இரண்டும் வேறு வேறு கோளாறு. முதல் பேட்டரியில் மேல் வலது மூலையில் உறை இடுக்கமாக இருந்ததால் எதிர்மின் தகடு வளைந்திருந்தது. இரண்டாவதில், நேர்மின் முனையை வெல்டிங் செய்த இடத்தில் மிஞ்சிய கூர்மையான பிசிறுகள் காப்பு நாடாவையும் பிரிப்புத் தாளையும் துளைத்து எதிர்த் தகட்டைத் தொட்டன. சிலவற்றில் காப்பு நாடாவே இல்லை. இரண்டும் கடைசியில் ஷார்ட் சர்க்யூட்டில் முடிந்தன.

எனவே செப்டம்பர் 2 அன்று சொன்னதில் முதல் பாதி சரிதான். முதல் பேட்டரியில் கோளாறு இருந்தது உண்மை. அதைக் கண்டுபிடித்ததே ஆபத்தாயிற்று என்றுகூடச் சொல்லலாம். ஒரு காரணம் கிடைத்ததும் தேடல் நின்றுவிட்டது. இரண்டாவது பேட்டரியை முதலாவதில் கண்ட தப்பு இருக்கிறதா என்று பார்த்தால் இல்லைதான். அதனிடம் இருந்தது அதன் சொந்தத் தப்பு.

இதே மாதிரி ஒன்று சில ஆண்டுகளுக்கு முன்பு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் நடந்தது. 2005 நவம்பரில் வந்த அந்த விளையாட்டுக் கருவி முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகளைக் காட்டி நின்றுவிடும். கடைகள் மாற்றிக் கொடுத்தன, சர்வீஸ் சென்டர் பழுது நீக்கி அனுப்பியது, பழுது நீக்கி வந்தவற்றில் பலவும் மறுபடி நின்றன. 2007 ஜூலையில் அந்தக் கோளாறுக்கு மட்டும் வாரண்டியை மூன்றாண்டாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். வெப்பம் ஏறி இறங்குவதில் சிப்புக்குள் இணைப்புகள் விட்டுப்போவதுதான் காரணம் என்பது பின்னால் உறுதியானது. அங்கே தீ இல்லை என்பதால் ஒரே தவற்றைப் பல முறை செய்ய அவகாசம் கிடைத்தது. நோட் 7-க்கு அந்த வசதி இல்லை.

சாம்சங்கின் செலவு பற்றி இரண்டே எண்கள். 2016 மூன்றாம் காலாண்டுக்கு முதலில் 7.8 லட்சம் கோடி வோன் என்று மதிப்பிட்டிருந்த செயல்பாட்டு லாபத்தை 5.2 லட்சம் கோடியாகத் திருத்தினார்கள். அடுத்த இரண்டு காலாண்டுகளில் இன்னும் மூன்றரை லட்சம் கோடி வோன் அளவுக்கு அடி விழும் என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 2 அன்றே மாற்றுக்குப் பதில் பணம் என்று அறிவித்திருந்தால் இதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கணக்கிட முடியாது. ஆனால் அக்டோபரில் இரண்டாவது முறை ஒரே போனைத் திரும்பக் கேட்டபோது போன நம்பிக்கை, முதல் முறை போனதைவிடப் பெரிது என்பது என் கணிப்பு. முதல் முறை பொருள்தான் பொய்த்தது. இரண்டாவது முறை கவுண்டரில் கொடுத்த உறுதியும் பொய்த்தது.

விசாரணை முடிவோடு எட்டு அடுக்குப் பேட்டரிச் சோதனை ஒன்றையும் சாம்சங் அறிவித்தது. எக்ஸ்ரே, பிரித்துப் பார்த்தல், சார்ஜ் ஏற்றி இறக்குதல், வேகப்படுத்திய பயன்பாட்டுச் சோதனை, இப்படி. அத்தனையும் தொழிற்சாலைப் பக்கம். ஒரு மாடலைத் திரும்பப் பெறும்போது மாற்றுக் கருவியை எந்தச் சான்றின் பேரில் கொடுப்பது, கடை எப்போது தானாக நிறுத்தலாம், அதுவரை பணத்தைத் திருப்புவதை முதல் வழியாக வைப்பதா என்பதெல்லாம் அந்த எட்டுக்குள் இல்லை. தயாரிப்பாளர் அதை எழுதாவிட்டால் விற்பவர் தன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். குறைந்தபட்சம், கோளாறின் காரணம் எழுத்தில் வராதவரை அதே மாடலை மாற்றாகக் கொடுக்க மாட்டோம் என்ற ஒரு வரி.

விற்ற ஏறக்குறைய 30 லட்சம் போன்களில் 96 விழுக்காடு அந்த ஜனவரிக்குள் திரும்பியிருந்தது. இவற்றை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். புதைக்கக் கூடாது என்று கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு போராடியது. 2017 ஜூலையில் தென்கொரியாவில் நோட் எஃப்இ என்ற பெயரில் நாலு லட்சம் போன்கள் விற்பனைக்கு வந்தன. நோட் 7-இன் மிச்ச உடல், 3,500-க்குப் பதில் 3,200 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி. மற்றவற்றிலிருந்து திரை, கேமரா, சிப் போன்ற பாகங்களைக் கழற்றி எடுப்பதாகவும், தங்கம், வெள்ளி, தாமிரம், கோபால்ட் என 157 டன் உலோகத்தை மீட்பதாகவும் சாம்சங் சொன்னது.